குஞ்சு காக்கும் விராலைப் பிடிக்காமல் விடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விரால் மீனைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது எதையும் தாங்கும் மீன், குளம் வற்றினாலும் சேற்றுக்குள் கிடந்து பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சொல்வதில் பிழையில்லை. ஆனால், தன் உயிரைக் காத்துக்கொள்வதில் இத்தனை உறுதியான மீன், குஞ்சு வளர்க்கும் சில வாரங்களில் எவ்வளவு எளிதாக அகப்பட்டுவிடுகிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும் என்ற கவலையால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வரால் என்றும் வழங்கப்படும் இம்மீன் செவுள்களை மட்டும் நம்பி வாழ்வதில்லை. செவுள்களுக்கு மேலே, தலையின் இருபுறமும், ரத்த நாளங்கள் செறிந்த சவ்வு படர்ந்த அறைகள் இருக்கின்றன. நீர்மட்டத்துக்கு வந்து வாயால் எடுக்கும் காற்று அங்கே தங்க, அதிலுள்ள ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கிறது. வளர்ந்த விராலுக்கு இது கட்டாயத் தேவை; மேலே வரவிடாமல் நீருக்கடியிலேயே நெடுநேரம் அடைத்து வைத்தால், மீனாக இருந்தும் அது மூச்சுமுட்டி இறந்துவிடும். ஆக்சிஜன் குறைந்து பிற மீன்கள் செத்து மிதக்கும் கலங்கல் நீரில் விரால் வாழ்வதற்கும், கோடையில் சேற்றில் புதைந்து, தோலும் காற்றறைகளும் ஈரமாக இருக்கும்வரை, உடலில் சேர்ந்த கொழுப்பைச் செலவழித்து மாதக்கணக்கில் காத்திருப்பதற்கும் இந்த அமைப்பே காரணம்.

மனிதருக்கு இம்மீன் தரும் பயனில் ஒரு பகுதியும் இதிலிருந்தே வருகிறது. சிறிதளவு நீரிலோ ஈரத்திலோ பல மணி நேரம் உயிரோடு இருப்பதால், ஐஸ் வசதி எட்டாத இடங்களுக்கும் இதைக் கெடாமல் கொண்டுசேர்க்க முடிகிறது. புரதம் மிகுந்து, கொழுப்பு குறைந்து, கெண்டை இனங்களில் இருப்பதுபோன்ற ஊடுமுட்கள் அதிகமில்லாத சதை, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உகந்தது. இந்தோனேசியாவில், ஆல்புமின் என்னும் புரதம் நிறைந்த விரால் சாற்றை அறுவைச் சிகிச்சைக்குப் பின் காயம் ஆறுவதற்குத் துணை உணவாகக் கொடுக்கிறார்கள். அதை மருந்துக்கு மாற்றாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ரோகு, கட்லா போன்ற மீன்கள் லட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு, அவற்றை நீரின் போக்கில் விட்டுப் போய்விடுகின்றன. விராலின் வழி வேறு. அது இடும் முட்டைகள் ஒரு தடவைக்குச் சில ஆயிரங்கள்தாம். எண்ணிக்கையில் இல்லாததை அது காவலால் ஈடுசெய்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆழமற்ற கரையோரத்தில், செடிகளை விலக்கி, வட்டமாக ஓர் இடத்தைத் துப்புரவு செய்கின்றன. எண்ணெய்த் துளி கொண்ட முட்டைகள் அங்கே மேலே மிதக்க, ஓரிரு நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு நீந்த, பெற்ற மீன் அவற்றுக்குக் கீழேயே நின்று, நெருங்கி வரும் தவளையையும் பிற மீனையும் ஏறத்தாழ ஒரு மாத காலம் விரட்டியடிக்கிறது. பிற மீன்களையும், ஏன், தன் இனத்துச் சிறிய மீன்களையும்கூட விழுங்கும் முரட்டு மீன் ஒன்று இத்தனை பொறுமையாகக் குஞ்சு காப்பதைக் கரையில் நின்று பார்த்தபோதெல்லாம் நான் நெகிழ்ந்திருக்கிறேன்.

அந்தக் காவலே அதற்குக் கேடாகவும் முடிகிறது. குஞ்சுகளுக்குக் காற்றறைகள் பிறவியிலேயே இருப்பதில்லை, சில வாரங்களில்தான் உருவாகின்றன. உருவானபின் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் காற்றெடுக்க மேலே வருவதால் அந்த இடத்தில் நீர்ப்பரப்பு மழைத்தூறல் விழுந்ததுபோலச் சிலிர்க்கிறது. பெற்ற மீன் எங்கே நிற்கிறது என்பதைத் தேட வேண்டியதே இல்லை. கூட்டத்துக்கு நடுவே தூண்டில் விழுந்தால், பசிக்காக இல்லாவிட்டாலும் குஞ்சுகளைக் காக்கும் வேகத்தில் அது பாய்ந்து கவ்வுகிறது. கையில் வருவது ஒரு மீன். காவல் இழந்த குஞ்சுகளோ பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. அடுத்த ஆண்டு பிடித்திருக்கக்கூடிய மீன்களை இந்த ஆண்டே இழந்துவிடுகிறோம் என்பதைத் தூண்டில் போடுபவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பண்ணையில் வளர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். வளர்க்கலாம், ஆனால் குஞ்சுகளை இயற்கை நீர்நிலையிலிருந்து அள்ளி வந்து, அவற்றுக்கு இரையாக அங்கிருந்தே பிடித்த சிறு மீன்களைப் போட்டு வளர்த்தால் சுமை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. ஏழைகளின் உணவான சிறு மீன்கள் இவ்வாறு தீவனமாகிப் போவதைக் கண்டு, கம்போடிய அரசு 2004இல் விரால் வளர்ப்புக்கே தடை விதித்தது. அத்தடை 2016இல்தான் விலக்கப்பட்டது. குஞ்சு பொரிப்பகத்தில் ஹார்மோன் ஊசி மூலம் முட்டையிடச் செய்யவும், குஞ்சுகளைச் சிறுகச் சிறுகக் குருணைத் தீவனத்துக்குப் பழக்கவும், ஒன்றையொன்று தின்றுவிடாமல் அளவுவாரியாகப் பிரித்து வளர்க்கவும் இன்று வழி இருக்கிறது. உழைப்பு மிகுந்த வழிதான் என்றாலும், பண்ணை வைக்க விரும்புவோருக்கு மீன்வளத் துறையினர் இதையே கற்றுக்கொடுக்க வேண்டும்.

நீர்நிலையைத் தூர்வாருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கரையைச் சுவர்போலச் செங்குத்தாக வெட்டி, செடி கொடிகளை முழுவதும் அகற்றிவிட்டால் முட்டையிட இடமே இருக்காது. ஓரிடத்திலாவது முழங்காலளவு ஆழத்தில் சரிவான, செடி படர்ந்த கரையை விட்டுவையுங்கள். தூண்டிலும் வலையும் எடுத்துச் செல்பவர்களிடம் நான் கேட்பது, செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் அந்த இடத்தை ஒரு மாத காலம் தவிர்த்துவிட்டு வேறு பக்கம் போங்கள் என்பதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்