மின்சாரம் இல்லாத 30 மணித்தியாலமும் ‘4 பாகை’ என்று காட்டிய ஃபிறிட்ஜ்: முறைப்பாடு

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

விடயம்: இன்ரநெற் வசதியுள்ள ஃபிறிட்ஜின் செயலி பழைய வெப்பநிலையை இப்போதைய வெப்பநிலையாகக் காட்டுவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

உங்கள் யாழ்ப்பாணக் காட்சியறையில் வாங்கிய இரட்டைக் கதவு ஃபிறிட்ஜ் பற்றி இதை எழுதுகிறேன். மாதிரி இலக்கமும் தொடரிலக்கமும் இத்துடன் உள்ள பற்றுச்சீட்டுப் பிரதியில் இருக்கின்றன. பெட்டி நன்றாகக் குளிர்விக்கிறது; அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கைபேசிக்கு அது கொடுக்கும் தகவல்தான் பிழை. மின்சாரம் போனதும் உங்கள் செயலி கடைசியாகக் கிடைத்த வெப்பநிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, அந்த நிமிடத்து வெப்பநிலை போலக் காட்டுகிறது. அதை நம்பி ஒரு குடும்பம் பழுதான மீனைச் சமைத்துச் சாப்பிடக்கூடும். தயவுசெய்து இதைச் சிறு மென்பொருள் குறை என்று ஒதுக்க வேண்டாம்.

கடந்த மாதம் மழைக்காற்றில் எங்கள் ஒழுங்கைக்கு வரும் மின்கம்பி அறுந்தது. வீட்டில் ஆள் இல்லை. சி.சி.ரி.வி. பதிவு வெள்ளி பிற்பகல் 1.40க்கு நின்று, சனி இரவு 8.25க்குத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. 30 மணித்தியாலம் 45 நிமிடம். சனி காலை 7.12க்குக் கொழும்பிலிருந்து செயலியைத் திறந்தபோது கீழ்ப்பகுதி 4 பாகை, ஃபிறீசர் மைனஸ் 18 பாகை, பக்கத்தில் பச்சை நிறச் சரி அடையாளம். திரைப்பிடிப்பை இணைத்திருக்கிறேன். ஞாயிறு வீடு திரும்பும்வரை அந்த இரண்டு இலக்கங்களும் அசையவில்லை.

ஃபிறீசருக்குள் ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஐந்து ரூபாய்க் குற்றி வைத்திருந்தோம். குற்றி மேலேயே இருந்தால் ஐஸ் உருகவில்லை. ஞாயிறு பார்த்தபோது குற்றி கோப்பையின் அடியில் கிடந்தது, அதன் மேல் ஐஸ் தெளிவாக உறைந்திருந்தது. மீன் பைகளின் ஒரு மூலையில் இளஞ்சிவப்புத் தண்ணீர் கட்டியாகி நின்றது. அதாவது எல்லாம் முழுதாக உருகி, மின்சாரம் வந்த பிறகு மறுபடி உறைந்திருக்கிறது. கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தால் மீன் கல் மாதிரி. ஃபிறிட்ஜின் முகப்பிலும் மைனஸ் 18. அந்தக் குற்றி இல்லாவிட்டால் அன்று மத்தியானம் அது குழம்பாகியிருக்கும்.

மின்தடையின்போது கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப்பகுதி 4 மணித்தியாலமும், பாதி நிரம்பிய ஃபிறீசர் 24 மணித்தியாலமும், முழுதாக நிரம்பியது 48 மணித்தியாலமும் தாங்கும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வழிகாட்டல். எங்களுடையது பாதிதான் நிரம்பியிருந்தது. சூரை போன்ற மீன் சூடேறிக் கிடந்தால் அதில் ஹிஸ்ரமின் என்ற நச்சுப் பொருள் உருவாகும். உருவான பிறகு திரும்ப உறைய வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. மணத்திலும் தெரியாமல் போகலாம். எத்தனை மணித்தியாலம் சூடேறிக் கிடந்தது என்ற தகவல் ஒன்றுதான் வீட்டுக்காரருக்குத் துணை. உங்கள் செயலி அந்த இடத்தில்தான் பொய்த் தகவல் தருகிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பது உங்கள் பொறியியலாளருக்குத் தெரியும். கைபேசி ஃபிறிட்ஜோடு நேரே பேசுவதில்லை. ஃபிறிட்ஜ் அளவீட்டை றவுட்டர் வழியாக உங்கள் சேர்வருக்கு அனுப்புகிறது. செயலி சேர்வரிடம் கேட்டு வாங்குகிறது. ஃபிறிட்ஜ் மௌனமானால் சேர்வர் பழைய இலக்கத்தையே எடுத்துக் கொடுக்கிறது. அளவீடு எப்போது வந்தது என்ற நேரம் திரையில் எங்கும் இல்லை.

உங்கள் சேவை நிலையம் மூன்று காரணம் சொன்னது. வைஃபை பலவீனம் என்றார்கள். ஃபிறிட்ஜின் மேல்மூலையில், பிணைச்சலை மூடியிருக்கும் பிளாஸ்ரிக் மூடிக்குப் பக்கத்தில் அளந்தேன்: மைனஸ் 58 டிபிஎம் (வைஃபை பலத்தின் அளவு; பூச்சியத்துக்குக் கிட்ட வரவர பலம் கூட). மைனஸ் 75ஐவிடக் கீழே போனால்தான் அந்தப் பேச்சுக்கு இடம். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்குத் தனிப் பெயர் வைத்து, வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ.2 இல் விட்டிருக்கிறேன். 5 கிகாஹேர்ட்ஸ் குழப்பமும் இல்லை. யாழ்ப்பாண வெக்கை என்றும் ஒருவர் சொன்னார். உள்ளே ஒட்டியுள்ள தகட்டில் காலநிலை வகுப்பு ‘ரி’ என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். சூழல் வெப்பம் 43 பாகை வரை தாங்குமென்பது அதன் பொருள்.

கடைசியாக, மின்சாரம் போனால் றவுட்டரும் நின்றுவிடுவதுதான் காரணம் என்று, அதற்கு ஒரு யு.பி.எஸ். (பற்றரி மின்வழங்கி) வாங்கச் சொன்னார்கள். 12 வோல்ற் சின்ன யு.பி.எஸ். ஒன்றில் றவுட்டரை ஓடவிட்டு, ஃபிறிட்ஜின் பிளக்கை மட்டும் கழற்றிப் பார்த்தேன். வயர் உள்ள டிஜிற்றல் வெப்பமானியின் முனையை நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் வைத்துக் கதவை மூடினேன். மூன்று மணித்தியாலத்தில் தண்ணீர் 4.1 பாகையிலிருந்து 8.3க்குப் போனது. செயலி கடைசிவரை 4 என்றே காட்டியது. ஒரு அறிவித்தலும் வரவில்லை. வரவும் முடியாது. ஃபிறிட்ஜின் வைஃபை பலகைக்கே மின்சாரம் இல்லாதபோது றவுட்டர் உயிரோடிருந்து என்ன பயன்?

இரண்டாவது குறை, மின்சாரம் வந்த பிறகு நடப்பது. றவுட்டர் எழும்ப இரண்டரை நிமிடம் எடுக்கிறது. ஃபிறிட்ஜ் சில விநாடியில் எழும்பி, ஒரு நிமிடமளவு வைஃபையைத் தேடி, கிடைக்காவிட்டால் விட்டுவிடுகிறது. வைஃபை வெளிச்சம் அணைந்துவிடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டபோது ஐந்து தரமும் இணையவில்லை. றவுட்டரைப் போட்டு மூன்று நிமிடம் கழித்து ஃபிறிட்ஜைப் போட்டபோது ஐந்து தரமும் இணைந்தது. (கொம்பிறசரின் அழுத்தம் சமப்பட ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் விட்டேன். உங்கள் சேவை நிலையம் தொலைபேசியில் சொல்வதுபோல பிளக்கைக் கழற்றி உடனே போடுவது கொம்பிறசருக்குக் கூடாது. அந்த ஆலோசனையையும் நிறுத்துங்கள்.) மின்சாரம் வந்தால் வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில்தான் எழும்பும். ஆகவே ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் இந்தப் பெட்டி தொடர்பற்றுப் போகும்.

இவற்றைத் திருத்த புதுப் பாகம் எதுவும் தேவையில்லை. முதலாவதாக, இலக்கத்துக்குக் கீழே அளவீடு வந்த நேரத்தைப் போடுங்கள். 15 நிமிடம் தாண்டினால் இலக்கத்தை எடுத்துவிட்டுத் ‘தொடர்பில்லை’ என்று காட்டுங்கள். அறிவித்தல் ஃபிறிட்ஜிலிருந்து வர முடியாது, சேர்வரிலிருந்து வரலாம். இப்படியான கருவிகள் பலவற்றில் பாவிக்கப்படும் எம்.கியூ.ரி.ரி. என்ற தகவல் பரிமாற்ற முறையில், கருவி தொடர்பில் இருப்பதற்கான கால எல்லையை 60 விநாடி என்று வைத்தால், 90 விநாடி மௌனத்தில் அது போய்விட்டதென்று சேர்வர் எடுத்துக்கொள்ளும். அதைக் கைபேசிக்குச் சொல்வதுதான் மிச்சம். வைஃபை தேடுவதையும் ஒரு நிமிடத்தில் கைவிடாமல், பிறகு 5 நிமிடத்துக்கு ஒருக்கால் தொடரச் செய்யுங்கள்.

இதிலும் முக்கியமானது ஒன்று. மின்சாரம் வந்த முதல் விநாடியில், கொம்பிறசர் தொடங்கமுன்னர், ஃபிறீசரின் வெப்பநிலைச் சென்சரை வாசித்து அந்த அளவைப் பதிவில் வையுங்கள். ‘மின்சாரம் வந்தபோது ஃபிறீசர் 6 பாகை’ என்று முகப்பில் தெரிந்தால், மீனைக் குழி வெட்டித் தாழ்ப்பதா சமைப்பதா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. இன்ரநெற் வசதியே இல்லாத சில ஃபிறீசர்கள்கூட மின்தடைக்குப் பிறகு உச்ச வெப்பநிலையைக் காட்டுகின்றன.

இன்னொன்றையும் எழுத்தில் கேட்கிறேன்: இந்த மாதிரிக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் எந்தத் திகதிவரை தருவீர்கள்? 2024 ஏப்ரல் 29 முதல் பிரித்தானியாவில் இத்தகைய கருவிகளை விற்பவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே தந்த கைநூலில் அதுபற்றி ஒரு வரியும் இல்லை.

பழுதான மீனுக்கு நான் பணம் கேட்கவில்லை. 30 நாட்களுக்குள் மேற்சொன்ன திருத்தங்களைத் தாருங்கள், அல்லது பெட்டியை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் மீளளியுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் இதே ஆவணங்களோடு முறையிடுவேன். அதுவரைக்கும், இந்த மாதிரியை வாங்கிய மற்ற வீடுகளுக்கு, செயலியில் தெரியும் வெப்பநிலையை மின்தடை நேரத்தில் நம்ப வேண்டாமென்று இந்தக் கிழமையே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். யாழ்ப்பாணத்தில் மாரி இன்னும் முடியவில்லை.

ரெக்னீசியனை அனுப்புவதென்றால் பிளக்கைக் கழற்றிச் செய்யும் சோதனைக்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்கி வரச் சொல்லுங்கள். வெப்பமானி என்னிடம் இருக்கிறது.

இங்ஙனம்,
வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, சனி காலை 7.12 திரைப்பிடிப்பு, சி.சி.ரி.வி. பதிவு நேரங்களின் படம், கோப்பையின் அடியில் குற்றி கிடக்கும் படம்.