எண்ணுவதற்கு முன் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளின் தேசியத் தரவரிசை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் எத்தனை இடம் முன்னேறினார்கள் என்று எழுதியவர், அந்த இடம் எதை வைத்துக் கிடைக்கிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். ஆய்வு மதிப்பெண்ணுக்கு, ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுக்கும் ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களில் உள்ள கட்டுரைகளையும், அவற்றைப் பிற கட்டுரைகள் எடுத்துக்காட்டிய மேற்கோள்களையும்தான் எண்ணுகிறார்கள். தமிழ் ஆய்விதழ்களுக்கு அங்கே அநேகமாக இடமே இல்லை.

இதனால் எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர் அம்பாசமுத்திரம், பாபநாசம் வட்டாரக் கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து, வில்லுப்பாட்டில் பாடும் முத்துப்பட்டன் என்ற நாட்டார் கதையைப் பதிவு செய்தார். ஊருக்கு ஊர் கதை எங்கே மாறுகிறது, சாமி வந்து ஆடும்போது வில்லுப்பாட்டுப் புலவர் எந்த அடியில் நிறுத்தி எந்த அடியில் மறுபடி எடுக்கிறார் என்றெல்லாம் வரிவரியாகக் குறித்திருக்கிறார். வேலைக்கான நேர்காணலில் அந்த ஆய்வேட்டை ஒருவரும் திறக்கவில்லை. “ஸ்கோப்பஸ்ல எத்தனை?” என்று கேட்டார்கள். தமிழில்தான் எழுதியிருக்கிறேன் என்றார். சரி, போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து வருவது இம்பாக்ட் ஃபேக்டர் என்ற இதழ் மதிப்பெண். ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அது. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணைக்கு இதழ்களைத் தேர்ந்தெடுக்க, அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டு கொண்டுவந்த கணக்கு. அந்த வேலைக்கு அது பொருத்தம்தான். ஆனால் இதழின் சராசரியை அதில் எழுதிய ஆளின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? நாட்டார் வழக்காறு பற்றிய நல்ல கட்டுரையைப் பத்து, இருபது வருஷம் கழித்தும் எடுத்தாளுவார்கள். இரண்டு ஆண்டுக் கணக்கில் அது எப்படி வரும்?

இதெல்லாம் உலகம் அறியாததும் இல்லை. இதழின் எண்ணைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்று ஆய்வை மதிப்பிடுவது பற்றி 2013-இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டுக்கொண்டது. அதே பொருளில் 2015-இல் வந்த லைடன் அறிக்கை, எண்கள் நிபுணரின் மதிப்பீட்டுக்குத் துணையாக இருக்கட்டும், உள்ளூருக்குப் பயன்படும் ஆய்வைக் காப்பாற்றுங்கள் என்றது. பல்கலைக்கழக மானியக் குழுவே 2025-இல் தான் ஏற்கும் ஆய்விதழ்களைக் குறித்துவைத்திருந்த கேர் பட்டியலைக் கைவிட்டது. ஆனால் பட்டியல் போன இடத்தில் படிக்கும் பழக்கம் வந்துவிடவில்லை. பணம் கட்டினால் உடனே வெளியிடும் இதழ்களைத் தேடிப் பிள்ளைகள் இன்னமும் ஓடுகிறார்கள். கடன் வாங்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. வயிறு எரிகிறது.

தேர்வுக் குழுக்களிடம் நான் கேட்பது இதுதான். விண்ணப்பிப்பவர் தம்முடைய சிறந்த இரண்டு கட்டுரைகளைத் தரட்டும், எந்த மொழியில் இருந்தாலும் சரி. அந்தத் துறை தெரிந்த ஒருவர் நேர்காணலுக்கு முன்பே அவற்றைப் படித்து, ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். அப்புறம் எண்களைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.