அளந்து பார்த்து அனுப்பி வைத்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

கபடிப் போட்டியொன்றில் ரைடு சென்று திரும்பும்போது வலது முழங்கால் திருகி, ஏ.சி.எல். என்னும் தசைநார் அறுந்துபோன என் மகள், இந்தப் பருவத்தில் மீண்டும் தன் பள்ளி அணிக்காகக் களமிறங்கியிருக்கிறாள். அதற்குத் துணைநின்றவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்வது ஒரு தாயாக என் கடமை.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவருக்கு முதல் நன்றி. அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் முடியும் முன் விளையாட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றும், அதன் பிறகும் இயன்முறை மருத்துவர் அளந்து பார்த்துச் சரி என்றால்தான் அனுப்ப வேண்டும் என்றும் அவர் தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காரைக்குடியில் என் மகளுக்குப் பயிற்சியளித்த அந்த இயன்முறை மருத்துவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. அறுவைக்கு முன், வீக்கம் வடிந்திருந்த ஒரு நாளில், காயம் படாத இடது காலால் அவளைத் தாவச் சொல்லி, 145 செ.மீ. என்று குறித்து வைத்துக்கொண்டார். அந்த ஓர் எண்ணின் அருமை பல மாதங்கள் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது.

மீண்டும் விளையாட அனுப்பலாமா என்று பார்க்கும் சோதனைகளைப் பள்ளி மைதானத்திலேயே நடத்தினார்கள். செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அளவு நாடாவை விரித்து, இடுப்பில் கைவைத்தபடி ஒற்றைக் காலில் தாவி, அதே காலில் இறங்கி, ஆடாமல் இரண்டு விநாடி நிற்க வேண்டும்; தடுமாறினாலோ மறுகால் தரையைத் தொட்டாலோ அந்தத் தாவல் கணக்கில் வராது. அடுத்து தொடர்ந்து மூன்று தாவல், கோட்டின் இருபுறமும் மாறி மாறித் தாவுதல், ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் கடக்கும் நேரம் ஆகியவற்றையும் பார்த்தார்கள். உடற்கல்வி ஆசிரியை எதிரே மண்டியிட்டு அமர்ந்து, இறங்கும் நொடியில் முழங்கால் உட்பக்கமாகச் சாய்கிறதா என்பதை மட்டுமே கவனித்தார். தூரம் எவ்வளவு வந்தாலும் முழங்கால் சாய்ந்தால் அதைத் தனியாக எழுதிக்கொண்டார்.

ஒன்பதாம் மாதச் சோதனையில் இடது கால் 130 செ.மீ., வலது கால் 117 செ.மீ. தாவின. ஒரு காலோடு மறுகாலை ஒப்பிட்டால் சரியாக 90 விழுக்காடு. வழக்கமாகத் தேர்ச்சி என்று கொள்ளும் அளவு அதுதான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இயன்முறை மருத்துவர் பழைய தாளை எடுத்து 145 என்ற எண்ணைக் காட்டினார். ஓய்விலிருந்த மாதங்களில் நல்ல காலும் மெலிந்துவிட்டது; அறுவைக்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டால் வலது கால் 81 விழுக்காட்டைத்தான் எட்டியிருந்தது. மாவட்டப் போட்டி நெருங்கிய வேளையில், அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம் “இன்னும் ஆகவில்லை, அம்மா” என்று பரிவோடு சொல்லி, அந்த முடிவில் உறுதியாகவும் நின்றாரே, அதற்காகவே இம்மடலை எழுதத் துணிந்தேன். நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய சோதனைகளில் தேறாமல் விளையாடப் போனவர்களில் 38 விழுக்காட்டினருக்கு மறுபடி முழங்காலில் அடிபட்டது என்றும், தேறிச் சென்றவர்களில் அது 6 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் அவர் எடுத்துச் சொன்ன பிறகு, அவளே மனம் தேறிப் பயிற்சிக்குத் திரும்பினாள்.

மழைக்காலம் முழுவதும் தன் வீட்டு முகப்பைப் பயிற்சிக்குத் திறந்துவிட்ட எதிர்வீட்டு ஆச்சிக்கும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும் என்று தாமாகவே சாக்கு விரித்து வைத்த அவருடைய அக்கறைக்கும் எங்கள் வணக்கம். தொடைத் தசையின் வலிமையைக் கருவியில் அளப்பதற்கு எங்களை மதுரைக்குத் தன் வண்டியில் அழைத்துச் சென்ற தம்பிக்கும் நன்றி.

பின்னர் நடந்த சோதனையில் வலது கால் 134 செ.மீ. தாவியது, பழைய அளவில் 92 விழுக்காடு. முழங்காலும் சாயவில்லை. அதன் பிறகே, முதலில் எதிராளிகள் மடக்கிப் பிடிக்காமல் ஆடும் பயிற்சி, பிறகு முழு ஆட்டம் என்று படிப்படியாக விட்டார்கள்.

இனி ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன் அணியிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் இரு கால்களையும் அளந்து வைக்கப்போவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதற்கு வேண்டிய அளவு நாடா, ஸ்டாப்வாட்ச், பதிவேடு ஆகியவற்றை எங்கள் குடும்பம் வாங்கித் தருகிறது. மாலையில் மைதானத்துக்கு வந்து அளக்கவும் எழுதவும் உதவக்கூடிய பெற்றோர் அவரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு கபடி வீராங்கனையின் தாய்,
பள்ளத்தூர்.