பேத்தியும் சிற்பக் கல்லூரியும்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மகன் வேலை மாறிவிட்டான். அவன் போன் செய்தால்தானே மேற்கொண்டு எழுத!

உன் பேத்தி மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாளா? "அது கோயிலும் சிலையும் செய்கிற ஸ்தபதி வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடமாச்சே, நம்ம வீட்டுப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கல்லூரியின் கதை தெரிந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டாய்.

1957-இல் சென்னை மாநில அரசு அதைத் தொடங்கியது. பட்டமெல்லாம் பிற்பாடு வந்ததுதான். பொறுப்பேற்றவர் பிள்ளையார்பட்டி ஸ்தபதிகள் மரபில் வந்த வைத்தியநாத ஸ்தபதி. அதுவரை இந்த வித்தை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பட்டறையிலேயே கைமாறியது. சிற்ப நூல் சுலோகம் ஒருவர் வாயில், அளவு இன்னொருவர் கையில். கோயில் திருப்பணி குறைந்தபோது பல வீடுகளில் பிள்ளைகள் வேறு பிழைப்புக்குப் போனார்கள். பரம்பரையை மட்டும் நம்பியிருந்தால் இன்று என்ன மிஞ்சியிருக்கும், சொல். குடும்பத்துக்குள் இருந்ததை வகுப்பறைக்குக் கொண்டுவந்ததுதான் அந்தப் பள்ளி செய்த பெரிய காரியம் என்பேன்.

அப்பாவுக்குப் பின் மகன் கணபதி ஸ்தபதி வந்தார். காரைக்குடியில் கணிதம் படித்து, பழனி கோயிலில் ஸ்தபதியாக இருந்தவர். கணிதம் படித்தவர் கையில் இந்தக் கல்லூரி சேர்ந்தது அதன் அதிர்ஷ்டம். ஏனென்றால் சிற்பத்தில் முக்கால்வாசி கணக்குதான். முகத்தின் நீளத்தை வைத்து ஒரு தாலம். ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். நவதாலச் சிலை, அதாவது ஒன்பது தாலம், 108 அங்குலம்; சிவன், திருமால் போன்ற பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், பத்துத் தாலத்துக்கு மேல் நாலு அங்குலம் கூட்டி 124. இந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருப்பதல்ல. சிலையின் உயரத்தையே பகுத்து எடுப்பது. அதனால் விரல் அளவு பொம்மைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் ஒரே கணக்குதான். கணக்கில் உன் பேத்தி கெட்டி என்று நீதானே பெருமையடிப்பாய்?

கன்னியாகுமரியில் 2000 ஜனவரி முதல் நாள் திறந்த வள்ளுவர் சிலையை வடிவமைத்தவரும் கணபதி ஸ்தபதியே. பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்களின் எண்ணிக்கை. மேலே சிலை 95 அடி. மொத்தம் 133. மனுஷனுக்குக் கணக்கு விட்டுப்போகவில்லை பார்!

கல், மரம், உலோகம், சுதை (சுண்ணாம்புச் சாந்து) என்று அங்கே தனித்தனியாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். கோயில் கட்டடக்கலை தனிப் பட்டம். படித்து வெளியே வந்தவர்கள் ஊரைச் சுற்றிப் பட்டறை போட்டு, வெளிநாட்டுக் கோயில்களுக்கும் சிலை அனுப்புகிறார்கள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். சிற்ப இலக்கணத்தை மீறிச் சொந்தமாக ஏதாவது செய்ய நினைக்கிற பிள்ளைக்கு அங்கே மூச்சு முட்டலாம். அவளுக்கு எது பிடிக்கும் என்று முதலில் கேள். இன்னொன்று தூசி. உளியோடு போகாமல் இப்போது பட்டறைகளில் கட்டரும் கிரைண்டரும் ஓடுகின்றன. கருங்கல் தூசி நுரையீரலைப் பிடித்தால் விடாது. முகமூடி போடாமல் கல்லருகே போகவே கூடாது என்று இப்போதே சொல்லிவை.

சேர்க்கை அறிவிப்பு வந்ததும் எழுது. நானும் கூட வருகிறேன். உனக்கும் முழங்காலுக்குத் துணை வேண்டுமே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்