நீலத் திமிங்கிலம் ஏன் கப்பலுக்கு விலகுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் தென்கடலில் நீலத் திமிங்கிலம் கப்பலில் அடிபட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், அத்தனை பெரிய பிராணிக்குக் கப்பல் வருவது தெரியாதா, விலகிப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அது இரை எடுக்கும் முறையைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

நீலத் திமிங்கிலத்துக்குப் பல் கிடையாது. மேல்தாடையில் பக்கத்துக்கு 270 முதல் 395 வரை கறுப்புத் தகடுகள் தொங்குகின்றன. பலீன் என்பது இவற்றைத்தான். நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின். உள்விளிம்பு தேய்ந்து நார் நாராகப் பிரிந்து, கோரைப்பாய் போலப் பின்னிக் கிடக்கும். ஆழத்தில் இரைக்கூட்டத்தைக் கண்டதும் திமிங்கிலம் வேகமெடுத்துப் பாய்ந்து வாயைத் திறக்கிறது. முகவாயிலிருந்து தொப்புள்வரை ஓடும் மடிப்புகள் விரிந்து, ஏறக்குறைய அதன் உடல் எடைக்கு ஈடான நீர் சில விநாடிகளில் உள்ளே போய்விடும். அந்த நீரின் எதிர்ப்பில் திமிங்கிலத்தின் வேகம் அநேகமாக நின்றே போகும். பிறகு வாயை மூடி, நீரைத் தகடுகளின் இடையே வெளியே தள்ளி, நாரில் தங்கியதை விழுங்க வேண்டும். அடுத்த பாய்ச்சலுக்கு மறுபடியும் நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்க வேண்டும். ஒரு முக்குளிப்பில் இப்படிப் பல பாய்ச்சல்கள். பத்து நிமிடம் போல் கீழே இருந்துவிட்டு மேலே வந்தால், மூச்சைச் சரிசெய்து கொள்ளும்வரை மேற்பரப்பை ஒட்டியே கிடக்கும். இரவில் அங்கேயே இன்னும் அதிக நேரம் இருக்கும். கப்பலின் முன்முனை மோதுவது அந்த மேல்நீரில்தான்.

சத்தம் கேட்காதா என்றால், இரைச்சல் பெரும்பாலும் பின்பக்கச் சுழலியிலிருந்து வருகிறது. நீண்ட கப்பலுடல் அதை மறைத்துவிடுவதால் நேர் முன்னே இருக்கும் விலங்குக்கு எச்சரிக்கை குறைவு. கலிபோர்னியாவுக்கு அப்பால் கருவி பொருத்திப் பார்த்தபோது, கப்பல் நெருங்கியதும் நீலத் திமிங்கிலங்கள் பக்கவாட்டில் விலகவில்லை. சில மெதுவாகக் கீழே அமிழ்ந்தன, அவ்வளவே. இந்த அளவுள்ள விலங்கை விரட்ட கடலில் ஓர்க்கா எனும் கொலைகாரத் திமிங்கிலம் தவிர அதிகம் பேர் இருந்ததில்லை. விலகும் பழக்கத்துக்குத் தேவையும் இருந்ததில்லை.

நம் கடலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இங்குள்ள நீலத் திமிங்கிலங்கள் துருவக் கடலுக்குப் போய்வருபவை அல்ல, வட இந்து சமுத்திரத்திலேயே ஆண்டு முழுவதும் வாழ்பவை. இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் குழுவினர் திமிங்கிலக் கழிவிலிருந்த மரபணுவை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, இவை முக்கியமாக உண்பது கிரில் எனும் இறால் போன்ற சிற்றுயிர் அல்ல, நம் சந்தையில் விற்கும் கூனி இறாலின் குடும்பத்தைச் சேர்ந்த சிற்றிறால். தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவுக்கும் தெய்வேந்திரமுனைக்கும் தெற்கே, கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித்தளமான கண்டத்திட்டு ஒடுங்கி, கரைக்கு அருகிலேயே கடல் சட்டென்று ஆழமாகிறது. திமிங்கிலங்கள் கூடும் அந்த விளிம்பின் மேலேதான் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்முனையில் நீலத் திமிங்கிலம் குறுக்காகச் சிக்கியிருந்தது.

தீர்வு என்ன? கப்பலின் வேகத்தைக் குறைப்பது ஓரளவு உதவும். 2007இல் வெளியான ஒரு கணிப்பின்படி 15 நொட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் அடிபடும் பெரிய திமிங்கிலங்கள் பத்தில் எட்டுக்கு அது உயிராபத்து, 8.6 நொட்டில் ஐந்தில் ஒன்றுக்குத்தான். ஆனால் வேகம் குறைத்தால் மோதலின் கடுமைதான் முக்கியமாகக் குறையும், பாதை அதே இரைக்களத்தின் மேல் இருக்கும். பாதையைத் தெற்கே 15 கடல் மைல் நகர்த்தினால் மோதல் அபாயம் 95 வீதம் குறையும் என்று 2016இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். நேராகக் கடந்து செல்லும் கப்பலுக்கு இதனால் கூடும் தூரம் சுமார் 5 கடல் மைல், 15 நொட் வேகத்தில் 20 நிமிடம். எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே திருப்பியது. எல்லாக் கப்பலும் திரும்ப வேண்டுமானால் சர்வதேசக் கடல்சார் அமைப்பு எதிரெதிர்த் திசையில் போகும் கப்பல்களுக்கு வகுத்த பாதைப் பிரிப்பை மாற்ற வேண்டும். அதற்கான முன்மொழிவை வைக்க வேண்டியது கரையோர நாடான இலங்கை. பாதை நகர்ந்தால் அந்த விளிம்பில் வலைபோடும் சிறு படகுகளுக்கும் பாதுகாப்பு.

தங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். கரையொதுங்கிய உடலில் வெளிக்காயம் இல்லை என்பதற்காக ‘இயற்கை மரணம்’ என்று எழுதிவிட வேண்டாம். முன்முனை மோதினால் பல சமயம் தோல் கிழியாது. உள்ளே எலும்பு முறிந்து, கொழுப்புப் படலத்தின் கீழ் இரத்தம் கட்டியிருக்கும். வெட்டிப் பார்த்தார்களா, எந்த எலும்பு முறிந்திருந்தது என்று மிருக வைத்தியரிடம் கேட்டு எழுதுங்கள். நடுக்கடலில் இறக்கும் நீலத் திமிங்கிலம் பெரும்பாலும் மூழ்கிவிடும் என்பதால், கரைக்கு வந்த எண்ணிக்கையை மொத்த இழப்பு என்று போடுவதும் சரியல்ல.

இப்படிக்கு,
வாசகர், திருகோணமலை