ரோமிலியும் 39 ஷில்லிங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேய வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் சாமுவேல் ரோமிலியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, சில்லறைத் திருட்டுக்குத் தூக்கு என்ற கொடுமையை இங்கிலாந்தில் ஒழித்தவர் அவர் என்கிறது. ஒழிக்கப் பாடுபட்டவர் என்பதே சரி. பெரும்பாலும் தோற்றார்.

1808இல் அவர் நீக்கியது முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஜேப்படிச் சட்டம் ஒன்றைத்தான். 12 பென்ஸுக்கு (அதாவது ஒரு ஷில்லிங்குக்கு; 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) மேல் மதிப்புள்ளதை ஆள் அறியாமல் திருடினால் அதன்படி தூக்கு. மாற்றாக வந்த தண்டனையும் லேசானதல்ல. ஆயுள் முழுக்க நாடுகடத்தல் வரை போகலாம்.

1810இல் இதேபோல் தூக்கை நீக்க மேலும் மூன்று மசோதாக்கள் கொண்டுவந்தார். அவற்றில், வீட்டில் 40 ஷில்லிங் பெறும் பொருளைத் திருடினாலே தூக்கு என்பதை நீக்கும் மசோதா கீழ்ச்சபையான காமன்ஸ் சபையிலேயே 2 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. கடையில் 5 ஷில்லிங் திருட்டு பற்றியது மேல்சபையான பிரபுக்கள் சபை வரை போய், மே 30 அன்று 31க்கு 11 என்று விழுந்தது. எதிர்த்தவர்களில் கான்டர்பரி பேராயரோடு சேர்த்து 7 பேர் ஆயர்கள்! இது நிறைவேறினால் தலையில் நிற்கிறோமா காலில் நிற்கிறோமா என்றே தெரியாது என்றார் தலைமை நீதிபதி எல்லன்பரோ. 1818 வரை அந்த மசோதாவை ரோமிலி திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார், பலிக்கவில்லை.

கட்டுரையாளர் அவரை இரக்கசாலி என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவருடைய வாதமோ நடைமுறை பற்றியது. சில்லறைத் திருட்டுக்குத் தூக்கு என்றால் பொருளைப் பறிகொடுத்தவர் புகார் கொடுக்கத் தயங்குவார், சாட்சி பின்வாங்குவார். ஜூரி என்ன செய்யும்? பல பவுண்டு பெறும் பொருளையும் 39 ஷில்லிங் என்று மதிப்பிட்டு, கயிற்றுக்கு ஒரு ஷில்லிங் கீழே நிறுத்திவிடும். கடுமையான தண்டனையைவிட நிச்சயமான தண்டனைதான் திருடனைத் தடுக்கும் என்றார் ரோமிலி. இதற்கு நல்ல சான்று 1811இல் கிடைத்தது. துணி வெளுக்கும் களங்களின் உரிமையாளர்களே தங்கள் களங்களில் திருடுவோருக்குத் தூக்கு என்ற சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று மனு கொடுத்தார்கள். அதற்கான மசோதா மட்டும் நிறைவேறியது.

இன்னொரு திருத்தம். வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி உறுப்பினராக அவர் சபையில் பேசினார் என்கிறது கட்டுரை; அப்படிப் பேசியதே இல்லை. குவீன்பரோ, ஹார்ஷம், வேர்ஹாம், அருண்டெல் என்று தொகுதி மாறி மாறி இருந்தவர், 1818 தேர்தலில்தான் அங்கே முதலிடத்தில் வென்றார். புதிய சபை கூடுவதற்குள், மனைவி இறந்த சில நாளில், நவம்பர் 2 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கடைத் திருட்டுக்குத் தூக்கு என்பதற்கான வரம்பு 1820இல் 15 பவுண்டாக உயர்ந்தது. அந்தத் தூக்கே 1823இல் போனது. வீட்டுத் திருட்டுக்கு 1827இல் 40 ஷில்லிங்கை 5 பவுண்டாக்கினார்கள். ஜூரிகளும் விடவில்லை, 99 ஷில்லிங் என்று மதிப்பிடத் தொடங்கிவிட்டார்கள். 1832இல்தான் அந்தக் கயிறு அவிழ்ந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி