பறை காய்ச்ச இடம் விடுங்கள்

ஆசிரியருக்கு,

நாட்டுப்புற இசை நிகழ்ச்சி நடத்தச் சங்கம் தொடங்குவது எளிது. ஏழு பேர் இருந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்துவிடலாம். தடுமாற்றமெல்லாம் மேடையில்தான்.

ஈரக்காற்றில் பறையின் தோல் தளர்ந்து ஒலி மந்தமாகிவிடும். அனலில் காய்ச்சினால்தான் விறைக்கும். அரங்குக்குள் தீ மூட்ட முடியாது. எனவே பின்புறம் திறந்தவெளி, கொஞ்சம் வைக்கோல், இரண்டு வாளித் தண்ணீர் ஆகியவற்றை வாடகை பேசும்போதே உறுதிசெய்ய வேண்டும். மழைக்காலமென்றால் நடுவிலும் ஒருமுறை காய்ச்ச நேரம் விடுங்கள்.

300 பேர் அமரும் அரங்கில் நையாண்டி மேளத் தவிலுக்கு மைக் எதற்கு? பாடுகிறவருக்கு மட்டும் வைத்து, மைக்கின் முதுகு தவிலைப் பார்க்கும்படி திருப்பினால் குரல் தெளியும்.

திறந்தவெளி நிகழ்ச்சியென்றால் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு அணைய வேண்டும். பொன்னாடைக்கே முக்கால் மணி நேரம் போனால் கலைஞருக்கு என்ன மிஞ்சும்?

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது. கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கலைஞர்களின் சம்பளத்தையும் வேன் வாடகையையும் தனித்தனி உறையிலிட்டு, வண்டி கிளம்பும்முன் கொடுத்துவிட வேண்டும். ஒரே உறையென்றால் டீசல் செலவு சம்பளத்தைத் தின்றுவிடும்.

இப்படிக்கு,
நாட்டுப்புற இசைத் தன்னார்வக் குழுவினர்,
மதுரை